வெளிச்சம் வராத பக்கம்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் பல் பட்ட டேப்பை உரித்தேன்.

நம் ஆய்வுக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டிகளில் கட்டியாயிற்று. கடைசியாக மிஞ்சியது மூலையில் இருந்த, வெளிச்சம் உள்ளே கசியாமல் டேப் ஒட்டி மூடுகிற நம் கறுப்புப் பெட்டி. ஏசியை நிறுத்தி இரண்டு நாளாகிவிட்டதால் கூடம் வெந்துகொண்டிருந்தது. சூட்டில் டேப்பின் பசை இளகி, பழைய ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழுந்தது. எனக்கு உன் சட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் என்ன சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் பதினோரு மணிக்கெல்லாம் உன்மேல் இந்த வாசனை ஏறிவிடும்.

உனக்குக் கத்தரிக்கோல் ஆகாது. டேப்பை இழுத்துக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்துப் பிய்ப்பாய். நீ ஒட்டிய டேப்பின் முனை கோணல்மாணலாக, நூல் பிரிந்து நிற்கும். நான் கத்தரியால் நேராக வெட்டி ஒட்டுவேன். பெட்டியைக் கடைசியாக மூடியது யார் என்று முனையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்துத்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் உன்னை அந்தக் கூடத்தைவிட்டு வெளியே அனுப்பினேன்.

உரித்தபின் உள்ளே என்ன இருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்துக் கதையை நீ கேட்டதில்லை. உன் பக்கத்துக் கதையைச் சொல்ல நான் விட்டதில்லை.

நான் ஒரு சந்தேகப் பிறவி என்பது டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும். கேஸை மூடினோமா என்று இரண்டு முறை பார்ப்பேன், பூட்டை மூன்று முறை இழுப்பேன். "சாமியே நேர்ல வந்தாலும் ஆதார் கார்டு கேப்பீங்க" என்பாள் என் மனைவி. கரூர்ப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து இந்தக் கடற்கரைக்கு வந்த முதல் நாள், அறிமுகமாகிப் பத்து நிமிஷம்கூட ஆகாமல் நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டாய். எனக்குள் உடனே மணி அடித்தது. இவன் எதற்கு உறவு கொண்டாடுகிறான்? என்ன வேண்டும் இவனுக்கு? உனக்கு வேண்டியிருந்தது ஒரு டீ. எனக்கும் சேர்த்து நீயே வாங்கி வந்தாய்.

நான் டாக்டர் பட்டம் வாங்கிய விஞ்ஞானி. நீ பாலிடெக்னிக் முடித்த டெக்னீஷியன். வயது இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. சதுரங்கப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் உன் ஊர். உன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். உன் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீ. இதையெல்லாம் நீ டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டாய். நான் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதை வைத்து நாளைக்கு என்ன செய்வானோ என்று ஒரு எச்சரிக்கை.

நம் வேலை என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு வைரத் துணுக்கு. அதற்குள் ஒரு குறை, ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலி. லேசரைக் காட்டினால் அந்தக் குறை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளித்துகளைத்தான் வெளியே விடும். அது போகும் வழியில், பாதி வெளிச்சத்தை நேரே விட்டு மீதியைப் பக்கவாட்டில் திருப்பும் ஒரு கண்ணாடி, நம் பேச்சில் பாதிக் கண்ணாடி. இரண்டு வழியின் முடிவிலும் துகளைப் பிடிக்க ஒவ்வொரு டிடெக்டர். துகள் ஒன்றே ஒன்றுதான் என்றால், இரண்டு டிடெக்டரும் ஒரே சமயத்தில் "டிக்" என்று சொல்லவே முடியாது. நான் இதைக் கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்குவேன். நீ உன் பெண்டாட்டிக்கு ஒரே வரியில் சொன்னாய்: "ஒரு டிக்கெட்ல ரெண்டு பேரு பஸ்ல ஏற முடியாது, அவ்ளோதான்."

கிராஃப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழ வேண்டும். இரண்டும் சேர்ந்து துடிக்கவில்லை என்பதற்கு அந்தப் பள்ளம்தான் சாட்சி. நமக்கும் பள்ளம் விழுந்தது. ஆனால் அதன் இரண்டு கரையிலும் சின்னதாக இரண்டு மேடு. ஒரு டிடெக்டர் துடித்த சில நானோ நொடி கழித்து அடுத்ததும் துடிக்கிறது. வர வேண்டிய அவசியமே இல்லாத துடிப்பு. யாரோ டிக்கெட் இல்லாமல் ஏறுகிறார்கள்.

அந்த மேடு இருக்கும்வரை கட்டுரை எழுத முடியாது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். நான்காவது மாதம் நான் ஒன்றைக் கவனித்தேன். தினமும் காலையில் பெட்டியை ஓட்டுகிறவர்தான் திருகுகளைத் திருப்பி டிடெக்டரின் கண்ணில் வெளிச்சம் விழும்படி செய்ய வேண்டும். நான் திருகிய நாட்களில் மேடு சின்னது. நீ திருகிய நாட்களில் மேடு பெரியது.

ஒருமுறை என்றால் தற்செயல். நான் இரண்டு வாரம் தேதி போட்டு ரகசியமாகக் குறித்து வைத்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். உன் கை பட்டால் மேடு ஏறுகிறது. என் கை பட்டால் இறங்குகிறது. அதற்கப்புறம் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை மச்சான். உன்னைப் பார்க்க ஆரம்பித்தேன். நீ பெட்டிப் பக்கம் குனிந்தால் எட்டிப் பார்ப்பேன். நீ செல்போனை எடுத்தால் அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். நீ ஒருநாள் கேட்டேவிட்டாய்.

"இன்னா மச்சான், பொட்டிக்கு வாட்ச்மேன் வேலை பாக்குறியா?"

நான் சிரித்து மழுப்பினேன். நீயும் சிரித்தாய், ஆனால் புரிந்துகொண்டாய் என்றே இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அதற்கு முன்பே ஒருமுறை என் குணத்தைப் பார்த்தவன் நீ. ஒரு குட்டி லென்ஸ் காணாமல் போயிற்று. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவின்மேல் புகார் எழுத நான் பேனாவைத் திறந்துவிட்டேன். நீ மேசைக்கு அடியில் தவழ்ந்து, டேப் சுருளின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த லென்ஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "ஆள சந்தேகப்படாத மச்சான். பொட்டிய சந்தேகப்படு, டேப்ப சந்தேகப்படு. அதுங்க கோச்சிக்காது" என்றாய். நல்ல வார்த்தை என்று அன்றைக்குத் தலையாட்டினேன்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு குடும்பமுமாக வேடந்தாங்கல் போனோம், ஞாபகம் இருக்கிறதா? கோபுரத்தின்மேல் ஏறி நின்று நீ பைனாகுலரைக் கண்ணில் வைத்தாய். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி வைத்தாய்.

"மச்சான், பறவைய பாக்கலாம்னு வெச்சா என் கண்ணு முடிதான் பெர்சா தெரியுது. கண்ணாடில பட்டு என்கிட்டயே திரும்பி வருது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கீழே இறங்கும்போது படியில் நின்று, "நம்ம டிடெக்டருக்கும் இப்டி இருக்குமா? அதுங்களே எதாச்சும் வெளிச்சம் வுடுதா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெளிச்சத்தைப் பிடிக்கிற சாமான் எங்கேயாவது வெளிச்சம் விடுமா, பேசாமல் வாய்யா என்றேன். மனசுக்குள் வேறு ஒன்று ஓடியது. குற்றத்தைச் சாமானின்மேல் போட இப்போதே வழி தேடுகிறான் என்று.

டிடெக்டர் வெளிச்சம் விடும் மச்சான். ஒரு துகளைப் பிடித்த அதிர்ச்சியில் அதுவே ஒரு கீற்று வெளிச்சத்தைத் திருப்பி விடும். இது எங்கோ ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. வெவ்வேறு ஊரில் ஆட்கள் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து தேடிப் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். உன் மேல் தேதி போட்டுக் குறிப்பு எழுதுவதில் அந்த மத்தியானங்கள் எல்லாம் போய்விட்டன.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை. நீ கிளம்பிய பிறகு பெட்டி மூடியில் புது டேப்பைக் கத்தரியால் நேராக வெட்டி ஒட்டினேன். ஒட்டி, முனையைச் செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் போய்ப் பார்த்தேன். முனை கோணல்மாணலாக இருந்தது. வாசல் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை உன் கையெழுத்து.

கோபம் பாதி, பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் பாதி. அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் பெட்டியைத் திறக்கிறார், முடிவுகள் கெடுகின்றன, இவரை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று கைப்பட எழுதி, பத்து மணிக்குள் அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நீ பத்தே காலுக்கு வந்தாய். முகம் மலர்ந்திருந்தது. பையைக்கூட இறக்கவில்லை.

"மச்சான், நேத்து உள்ள ஒண்ணு பண்ணிகீறேன். இப்ப ஓட்டிப் பாரேன்."

"நீ பண்ணதெல்லாம் எனக்குத் தெரியும். எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

உனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு என் கையில் இருந்த செல்போனையும், அதில் டேப் முனையின் படத்தையும் பார்த்தாய்.

"எழுதிக் குட்த்துட்டியா?"

"ஆமா."

நீ சத்தம் போடுவாய் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். நீ பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாய். "சரி மச்சான். பொட்டிய பத்திரமா பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதையும் நான் விடவில்லை. இது என்ன, மிரட்டலா? உள்ளே எதையாவது கெடுத்து வைத்துவிட்டுச் சொல்கிறானா? வெளிமூடியைத் திறந்து லேசரையும் லென்ஸ்களையும் டிடெக்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பாதிக் கண்ணாடி இருக்கிற உள் டப்பாவை மட்டும் திறக்கவில்லை. அது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆளை அப்போதுதான் வெளியே அனுப்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். மேடு இல்லை. இரண்டு கரையும் சமமாக, நடுவில் சுத்தமான பள்ளம். அடுத்த நாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆள் போனான், கோளாறும் போயிற்று என்று அதிகாரியிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். உன்னைக் கடல்நீர் பம்பு பராமரிப்புக்கு மாற்றினார்கள். என் கட்டுரை நல்ல இதழில் வந்தது. அதில் நான்கு பெயர்கள் இருந்தன. உன் பெயர் இல்லை.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டே, ஒழுங்காக ஓடுகிற பெட்டியைத் திறக்கக் கூடாது. ஏழு வருஷம் அந்த உள் டப்பாவை ஒருவரும் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. என்னோடு படித்த ஒருவன், என்னைப் போல ஒருவன், ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்திருந்தால் நான் டேப் முனையைப் படம் பிடித்திருப்பேனா? மாட்டேன். காபி குடிக்கும்போது, என்னப்பா திறந்தியா என்று கேட்டிருப்பேன். உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. உன் ஊர்ப்பெயரைச் சொன்ன முதல் நாளே, நீ இருப்பது ஊரிலா காலனியிலா என்று என் மனசு ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலையும் குறித்து வைத்துக்கொண்டது. அந்தக் குறிப்பு ரொம்ப வருஷம் சும்மா கிடந்தது. மேட்டுக்குக் காரணம் தேடியபோது முதலில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

பிறகு ஒருமுறை சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைச் சுவரோரம் மீன் வாங்க வந்த இடத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். நான் பார்க்காத மாதிரி வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புத்தண்ணீரில் நின்று நின்று உன் கால் விரல்களுக்கு நடுவே வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.

"இன்னா மச்சான், பொட்டி ஓடுதா?"

"ஓடுது."

"நல்லா ஓடட்டும்."

குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், அவனுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை என்றேன். "கேட்டது நல்ல வார்த்தையாத்தானே இருக்கு?" என்றாள் அவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. சர்ச்சுக்கு வந்திருந்தேன், கடைசி வரிசையில் நின்றேன். கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும்போது உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன்.

"உங்க பொட்டி இன்னும் ஓடுதா சார்? கேட்டுகினே இருந்தாரு."

அந்த நேரத்தில் ஒரு பெண் கேட்கிற கேள்வியா அது? இவளுக்கு எவ்வளவு தெரியும், எதற்கு இப்போது கேட்கிறாள் என்று வீடு வந்து சேரும்வரை அதையே போட்டுக் குடைந்தேன். உன் சாவுக்கு அன்று நான் அழவில்லை மச்சான். அதற்கு நேரம் இல்லாமல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உள் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த டேப் கோணல்மாணலாக இருந்தது. உன்னுடையது. உரித்தேன், மூடியைத் தூக்கினேன். பாதிக் கண்ணாடிக்கு நான்கு பக்கம். ஒன்றில் வெளிச்சம் உள்ளே வருகிறது, இரண்டில் வெளியே போகிறது. நான்காவது பக்கம் சும்மா. அங்கே எதுவும் வராது என்று நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. வெறும் அலுமினியச் சுவர். அந்தச் சுவரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. நான்கு ஓரமும் டேப். நான்கு முனையிலும் உன் பல்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? இதை இவன்தான் ஒட்டினான் என்று என்ன நிச்சயம், வேறு யாராவது இருக்கலாமே என்ற யோசனை. சிரிக்காதே. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பிறகு கட்டிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒயர்களை மறுபடி மாட்டி, ஏசியைப் போடச் சொன்னேன். உன் அளவுக்குச் சுத்தமாகத் திருகுகளை வைக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அப்போதுதான் அதுவும் புரிந்தது. நீ திருகினால் வெளிச்சம் டிடெக்டரின் கண்ணுக்குள் நேராகப் போகும். அதனால் டிடெக்டர் விடுகிற கீற்றும் நேராக வெளியே வரும், நான்காவது சுவரில் பட்டு அடுத்த டிடெக்டருக்குப் போகும். நான் திருகினால் எல்லாமே கொஞ்சம் தப்பி விழும், கீற்றும் தப்பிவிடும். உன் நாட்களில் மேடு பெரிதாக இருந்தது நீ நன்றாக வேலை செய்ததால்தான் மச்சான். நான் அதைத்தான் குற்றம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இடுக்கியால் வெல்வெட்டை எடுத்தேன். மேடு வந்தது. ஒட்டினேன், போயிற்று. எடுத்தேன், வந்தது. மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறை கிராஃப் சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். வெல்வெட் துண்டைக் காகித உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உன் மனைவி சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி வேலையிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். உன் பெண் நர்சிங் படிக்கிறாளாம், வளர்ந்துவிட்டாள். உறையைப் பிரித்துத் துணியை எடுத்தேன். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் உன் பெண்ணே சொன்னாள்.

"ஐயோ அம்மா, என் ராஜா டிரெஸ்!"

உள்ளே ஓடி இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு அங்கியை எடுத்து வந்தாள். அந்த வருஷம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள் மூன்று ராஜாக்களில் ஒருத்தி. அங்கியின் பின்பக்கக் கீழோரத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. நான் துண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

"அப்பா சொல்லாம வெட்டிட்டாரு அங்கிள். ஓட்டை தெரியக் கூடாதுன்னு ஸ்டேஜுல கடைசி வரைக்கும் திரும்பாமயே நின்னேன். குழந்த ஏசுக்கு முதுகு காட்டாத ராஜான்னு ஃபாதர் வேற பாராட்டினாரு."

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட வர்ல" என்றாள் உன் மனைவி. "கடைங்கள்ல கெடக்கிற கறுப்புத் துணியெல்லாம் பாத்துட்டாரு. எல்லாம் பளபளங்குது, இதான் வெளிச்சத்த முழுங்குதுன்னு எடுத்துகினு போனாரு."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர்மேல் எழுதிக் கொடுத்தது நான்தான், அவர் செய்தது எதுவென்று தெரியாமல் எழுதினேன், இந்த வாரம்தான் தெரிந்தது என்றேன்.

"தெரியும் சார். அன்னிக்குச் சாயங்காலமே சொல்ட்டாரு." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அஞ்சு வருசம் உப்புத்தண்ணில நின்னாரு. நீங்க ஒரு நாளு வந்து இன்னாய்யா பண்ணேன்னு கேட்டிருந்தா போதும். எனக்கு உங்க மேல ஆத்திரம் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க. அவுரு சொல்லிட்டுப் போயிருக்காரு. 'அவன் பயந்தவன்மே, ஓடுற பொட்டிய தொறக்க மாட்டான். தொறக்குற அன்னிக்குத் தானா நம்ம வூட்டுக்கு வருவான். வந்தா தொரத்தாத, சோறு போடு'ன்னாரு. நான் தொரத்தத்தான் இருந்தேன்."

சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டாள். சாப்பிடும்போதுகூட ஒரு கணம், இதை நீ உண்மையிலேயே சொன்னாயா, இல்லை வீடு தேடி வந்தவனை அழவைக்கக் கூடாது என்று இவளே சொல்கிறாளா என்று யோசித்தேன். பார்த்தாயா, என்னை. பிறகு, யார் சொல்லியிருந்தாலும் நான் அதற்குத் தகுதியானவன் இல்லை என்று தோன்றியது. அதற்குமேல் ஆராயாமல் சாப்பிட்டேன். யார் கையால் வாங்கிய சோற்றையும் இதற்குமுன் நான் இப்படிச் சாப்பிட்டதில்லை.

வெல்வெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். உன் பெண் வாங்கவில்லை. "பொட்டிக்கு வேணும்ல அங்கிள்" என்றாள்.

நேற்று புதுக் கட்டடத்தில் பெட்டியை வைத்தோம். வெல்வெட்டை அதே சுவரில் ஒட்டினேன். கத்தரி பக்கத்திலேயே இருந்தது. நான் டேப்பைக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். பசை நாக்கில் ஒட்டிக் கசந்தது, முனை உன்னுடையதைவிடக் கேவலமாக வந்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றே இருக்கிறேன்.

அலுவலகக் கோப்பில் என் பழைய கடிதத்துக்குமேல் இன்னொரு கடிதத்தைச் சேர்க்கக் கொடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கட்டுரை வந்த இதழுக்கும் திருத்தம் எழுதினேன், உன் பெயரை முதலில் போட்டு. புதிதாகச் சேர்க்கும் பெயருக்கு எதிரே, இவருடைய பங்களிப்பு என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன்: "வெளிச்சம் வராது என்று நாங்கள் எல்லோரும் நம்பிய பக்கத்தை இவர் ஒருவர்தான் சந்தேகப்பட்டார்."

இன்று காலை அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் வழக்கம்போல மூன்று முறை சரிபார்த்தேன் மச்சான். மூன்று முறையும் உன் பெயர் அங்கே இருந்தது.